புள்ளி வந்தால் ஒரு மிஸ்டு கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. என் கை தெரியும். ஷெட்டில் நிற்கும் இரண்டாம் எண் விமானத்தின் வயிற்றுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயர்கள், பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தலை பின்னிவிட்ட மாதிரி ஒழுங்காக ஓடும். அது நான் கட்டியது. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு இதைவிட நன்றாகக் கட்டுகிறேன் என்று ஒருத்தரும் முன்வரவில்லை. வரவும் மாட்டார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பாகங்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இன்றைக்கும் ஓர் எழுத்து விட்டுப்போகும். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் நாலு பேர் ஒரு பெட்டியைச் சுற்றி நின்று தலையைச் சொறிந்தால், ஐந்தாவதாக யாரைக் கூப்பிட்டார்கள்? "அந்தச் சித்தூர் ஆள வரச்சொல்லு" என்றுதான் சொன்னார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒரு வாரம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒயர் கட்டுவது எப்படி என்று உங்கள் புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது, அதை நான் தொடவில்லை.

சித்தூர் பஜாரில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. ரேடியோவைக் காதில் வைத்தே என்ன கோளாறு என்று சொல்வேன். பிறகு நாட்டில் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டு கம்பெனி டிவி வந்தது, சாமான்கள் மலிந்தன, பழையதைச் சரிபண்ணுவதைவிடப் புதிதை வாங்குவது சுலபம் என்றாகிவிட்டது. சித்தூரை ஒட்டிய என் ஊர் குடிபாலாவில் எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராக பெங்களூர் பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். ஓர் அறையில் ஆறு பேர். அங்கே ஒரு சின்ன கம்பெனியில் ஒயர் கட்டக் கற்றுக்கொண்டேன். ராணுவத்துக்கான வேலையில் தனியார் கையும் படலாம் என்று வந்தபோது, அந்த முதலாளி ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு ஷெட் போட்டார். விமானம் வேறெங்கோ செய்து வரும். அதன் வயிற்றில் கேட்கும் பெட்டியைப் பொருத்துவது எங்கள் வேலை.

கேட்கும் பெட்டி என்றால் இதுதான். கீழே மலையிலோ காட்டிலோ யாரோ ஒருத்தன் வயர்லெஸ் செட்டின் பட்டனை அழுத்துகிறான். மேலே ஆளில்லாமல் பறக்கும் விமானம் அதை உணர்ந்து, இந்த இடம் என்று சொல்லிவிடும். அவன் என்ன பேசினான் என்பது எங்கள் பெட்டிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இங்கே ஓர் ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். திரையில் ஒரு மஞ்சள் புள்ளி.

சேர்ந்த அன்றே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேலையைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. நீங்களும் போட்டிருப்பீர்கள். போடும்போது அது ஒரு கையெழுத்து. போகப்போகத்தான் அதன் கனம் தெரியும். நான் ரேணிகுண்டாவில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிபாலா போய்வந்தேன். ஆறு நாள் நடந்ததில் சொல்லக்கூடிய விஷயம் என்று ஒன்றுமே மிஞ்சாது.

இனி அந்த வாரம்.

ராணுவ ஆட்கள் பெட்டியைப் பறக்கவிட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். எங்களுக்கு ஒரே தலைவலி. எஞ்சினை ஓட்டாமல் பெட்டியைப் போட்டால் திரை சரியாக இருக்கும். எஞ்சினை ஓட்டினால் திரை முழுக்க மஞ்சள், அம்மை போட்ட மாதிரி. விமானம் தன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது.

நான் என் சட்டைப்பை ரேடியோவை எடுத்து, ஸ்டேஷன் ஏதும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு, ஓடும் எஞ்சினைச் சுற்றி நடந்தேன். எங்கே கரகரப்பு ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை. படித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். எஞ்சினின் தீப்பொறி ஒயர் போகும் வழியை உரசிக்கொண்டு, பெட்டியின் காதுகளான நான்கு ஆன்டெனாக்களிலிருந்தும் வரும் மெல்லிய கேபிள்கள் ஒரே கட்டாக ஓடின. வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கட்டைப் பிரித்து, தள்ளி வேறு வழியில் இழுத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினேன். எஞ்சினை ஓட்டினார்கள்.

திரை சுத்தம். ஒரு புள்ளி இல்லை.

கைதட்டினார்கள். மேனேஜர் என் தோளில் கை போட்டு ஷெட் முழுக்க நடந்தார். நானும் நடந்தேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

திரையைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் கோமதி. புத்தூர்ப் பெண், எங்கள் பக்கத்துத் தமிழ். கம்ப்யூட்டரில் அந்த மஞ்சள் புள்ளியை வரைய வைப்பது அவள் எழுதிய புரோகிராம்தான். வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. அவள் மட்டும் கைதட்டாமல் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, வெளியேருந்து சிக்னல் குடுத்துப் பாக்கற டெஸ்ட்டு காலையிலதான் முடிச்சோம். நீங்க ஒயர மாத்தனது இப்போ. இன்னொருவாட்டி பண்ணிடலாமா?"

"என் கை வெச்ச வேலம்மா. அதுக்கு ஒரு டெஸ்ட்டா?"

"இல்லண்ணா, ரூல்ல..."

"புத்தூர்ல எலும்பு கட்றவரு கட்டிட்டு, நட பாக்கலாம்னு உன்ன ஓடவுட்டுப் பாப்பாரா? போம்மா, போயி டீ குடி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் திரைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் டிரைவரும் கார்டும் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வார்கள், பாதைப் பக்கம் ஒரு புள்ளி குதிக்கும். எஞ்சினை நிறுத்தி வைத்திருந்த நேரங்களில் எல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்கால ரயில் போனது. தரை அதிர்ந்தது. புள்ளி வரவில்லை.

பார்த்தேன். அதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் நடந்தது இல்லை. பார்த்தேன், 'இன்றைக்கு கார்டு பேசவில்லை போலிருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு அறைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை விமானம் ஏறியது. மலைச்சரிவில் ஒரு ஜவான் செட்டோடு ஒளிந்து, சொன்ன நேரத்துக்குப் பேசிக்கொண்டே இருந்தான். விமானம் அவன் தலைக்கு மேலேயே சுற்றிவிட்டு இறங்கியது. ஒரு புள்ளி இல்லை. வந்திருந்த அதிகாரி கோபப்படவில்லை. "இந்த மலையில் யாருமே இல்லை என்கிறது உங்கள் விமானம். என் ஆள் ஒருத்தன் காலையிலிருந்து அங்கே வெயிலில் உட்கார்ந்திருக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் போட்டார்கள். பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி உண்டு, அதில் பெட்டி நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. அப்படியென்றால் புரோகிராம்தான். கோமதி வியாழக்கிழமை அதில், எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் ஒரு வடிகட்டலை மாற்றியிருந்தாள்; வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட்டோ எஞ்சினை நிறுத்திவைத்துச் செய்தது. வேண்டாத சிக்னலைத் தள்ளுகிறேன் என்று வேண்டியதையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறாள் என்று முடிவுகட்டினார்கள்.

மேனேஜர் கேட்டார். அவர் தெலுங்குக்காரர். கோபம் வந்தால் தமிழுக்கு மாறுவார், எங்களுக்கு உறைக்க வேண்டும் என்று. "ஒயர் மாத்தனப்புறம் திருப்பி டெஸ்ட் பண்ணீங்களா, லேதா?"

"பண்ணல சார்."

"ஏன் பண்ணல?"

அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. "பண்ணல சார்" என்று இன்னொரு தடவை சொன்னாள். என் பெயர் அவள் வாயில் வரவில்லை. நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வாயிலும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்குள் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

ஞாயிறு ஊருக்குப் போனேன். சரோஜா, என் வீட்டுக்காரி, கறிக்குழம்பு வைத்திருந்தாள்.

"இன்னா, துன்னாம பெசஞ்சிகினே கீற?"

"ஒண்ணுமில்ல."

"யாருன்னா இன்னான்னா சொன்னாங்களா வேல எடத்துல?"

"ஒண்ணுமில்லன்றனே."

"இன்னா வேலன்னு கேட்டா ஒயருன்ற. அதுக்கு மேல வாயத் தொறக்கறதில்ல. பக்கத்தூட்டுக்காரி நீ ஃபேன் ரிப்பேர் பண்றேன்னு சொல்லிக்கினு கீறா. அவ ஊட்டு ஃபேனு சுத்தலயாம், பாக்கணுமாம்."

போய்ப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது. அந்த வாரத்தில் நான் யோக்கியமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கேன்டீனில் இருக்கும்போது நான் மட்டும் ஷெட்டுக்குள் போய்ப் பலகையைக் கழற்றினேன். என் பட்டைக்கு அடியில் விரலை வைத்து அழுத்தினேன். கேபிளின் மேல்தோல் பளபளவென்று இருந்தது. உள்ளே மசிந்து போயிருந்தது. நான்கையும் நசுக்கியிருந்தேன். நான் சத்தத்தை அடக்கவில்லை. காதைத் திருகி அடைத்திருந்தேன்.

நசுங்கிய துண்டுகளை வெட்டிவிட்டுப் புதிது போட்டேன். எஞ்சினை ஓட்டிப் பார்க்க முடியாது, பெட்டியை மட்டும் போட்டேன். ரயில் ஒன்று போனது, புள்ளி குதித்தது. வெட்டிய துண்டுகளை என் டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு எல்லாம் வேலை செய்யும், கோமதி ஏதோ சரி பண்ணிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவளுக்கும் நல்ல பெயர், எனக்கும் கெட்ட பெயர் இல்லை. எவ்வளவு அழகான கணக்கு, பாருங்கள்.

மறுநாள் எஞ்சினை ஓட்டினார்கள். இரைச்சல் முக்கால்வாசி போயிருந்தது. நான் வழியை மாற்றியது சரிதான், இறுக்கியதுதான் தவறு. ரயில் புள்ளி, போலீஸ் வயர்லெஸ் புள்ளி, எல்லாம் வந்தன. நான் கைதட்டலை எதிர்பார்த்தேன். அதிகாரி திரையை வெகுநேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை செவிடு. இன்றைக்குக் காது கேட்கிறது. யார் என்ன செய்தீர்கள்?"

"நான் எதையும் மாத்தல சார்" என்றாள் கோமதி.

"அப்படியென்றால் நாளைக்கு மறுபடி செவிடாகலாம். மலையில் ஆள் இல்லை என்று இது சொல்லும், நம்பி என் பையன்கள் ஏறுவார்கள். காரணம் எழுத்தில் வராமல் இதை நான் எடுக்க மாட்டேன்."

எழுதவேண்டியது கோமதி. இல்லாத தவறை அவள் தேட ஆரம்பித்தாள். செவ்வாய், புதன், வியாழன். தன் புரோகிராமை அச்செடுத்து வரிவரியாகச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கேன்டீனுக்கு வரவில்லை. அவள் தோழி வாங்கி வைத்த இட்லிப் பொட்டலம் மேசையிலேயே நூல் பிரிக்காமல் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து, "இன்னாண்ணா" என்று சிரிப்பாள். நான் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். டிபன் பாக்ஸை மூன்று நாளாக நான் திறக்கவில்லை.

வியாழன் மத்தியானம் அதைக் கொண்டுபோய் அவள் மேசையில் கவிழ்த்தேன்.

"இன்னாண்ணா இது?"

"அமுக்கிப் பாரும்மா."

விரலால் அழுத்தினாள். உடனே புரிந்துகொண்டாள், கெட்டிக்காரி.

"எப்போ எடுத்தீங்க?"

"திங்கக்கெழம. சோத்து வேளையில."

"இன்னிக்கி வியாழன்."

"ஆமாம்மா."

ஒவ்வொரு துண்டாக அழுத்திக்கொண்டே இருந்தாள். "எங்கூருக்குக் கட்டு போட வர்றவங்கள சின்னதுலருந்து பாத்துகினு கீறேன்ணா. மேல தோலு நல்லாத்தான் இருக்கும். கை வெச்சி அமுக்கனாதான் கத்துவாங்க. அதான் அன்னிக்கி அமுக்கிப் பாக்கலாம்னேன்."

"கூட்டத்துல என் பேர ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

நான் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"மூணு நாளா என் புரோகிராம நானே நம்பலண்ணா. நேத்து நைனாவுக்கு போன் பண்ணி, இந்த வேல எனக்கு வராது, ஊருக்கே வந்துடறேன்னு சொல்லிட்டேன். ஒயர மாத்திட்டீங்க, சரி. அத எப்படி மாத்துவீங்க?"

துண்டுகளை வாரிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அதிகாரியும் அங்கே இருந்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், ரயில் போனதையும் புள்ளி வராததையும் சேர்த்து. மேனேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒயர் போகும்யா, யாரு கட்டனாலும் போகும். அத டிபன் டப்பாவுல ஒளிச்சி வெச்ச பாரு!" அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ போட்ட பட்டைகள் மொத்தம் எத்தனை?" அத்தனையையும் கழற்றினோம். இன்னும் இரண்டு இடத்தில் இறுக்கம் அதிகம். என் கட்டை என் கண் எதிரில் பிரித்தார்கள், நான் ஸ்க்ரூக்களை வாங்கித் தட்டில் வைத்தேன்.

அடுத்த வாரம் விமானம் ஏறியது. ஜவான் பட்டனை அழுத்தினான். மலைச்சரிவில் மஞ்சளாக ஒரு புள்ளி.

என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோமதி ஒரு விதி எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினாள். ஒயரைத் தொட்ட ஆள் எவனோ, அவனே ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டிலிருந்து கண்ணுக்கு மறையும் தூரம் நடக்க வேண்டும். ஒரு நிமிடம் பட்டனை அழுத்திப் பேச வேண்டும். திரையில் புள்ளி வந்தால் ஷெட்டிலிருந்து அவன் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால். மிஸ்டு கால் வராமல் விமானத்தை யாரும் தொடக்கூடாது. இன்றைக்கு நீங்கள் வெயிலில் சலித்துக்கொண்டே நடக்கிறீர்களே, அந்த நடை இப்படி வந்ததுதான்.

ஒயரைத் தொடுவது பெரும்பாலும் நான்தான், அதனால் நடந்ததும் நான்தான். வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி, மாந்தோப்பு ஓரம் ஒரு பாறை. அங்கே நின்று முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணி அலுத்துப்போய், பேச ஆரம்பித்தேன். வேலையைப் பற்றி இல்லை, அந்த அளவுக்கு நான் மடையன் இல்லை. என் பையன் பெங்களூர் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டான் என்று சொன்னேன். சரோஜாவுக்கு மூட்டு வலி, ஊர்ப் பக்கம் மழையில்லை என்று சொன்னேன். வேலையை வீட்டில் சொல்லக்கூடாது. வீட்டை வேலை இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்தக் கேபிள் விஷயத்துக்குப் பிறகு கேன்டீனில் என் மேசையில் யாரும் தானாக வந்து உட்கார்ந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. என்ன பேசினாலும் பெட்டிக்குக் கேட்காது. ஓர் ஆள் இருக்கிறான் என்று மட்டும் சொல்லும். போன் ஒரு தடவை அடித்து நிற்கும். நான் திரும்பி நடப்பேன்.

கோமதி இரண்டு வருடம் கழித்து அமெரிக்கா போனாள். போகும் வரையில் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினாள். புத்தூர் எலும்பைச் சொல்லி நான் கேலி செய்தால் மட்டும் சிரிக்க மாட்டாள். கடைசி நாளில் என் மேசையில் ஒரு சட்டைப்பை ரேடியோ வைத்துவிட்டுப் போயிருந்தாள், என்னுடையது உடைந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். சீட்டு ஏதும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பல விதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல ரேடியோ, இப்போதும் பாடுகிறது.

சரோஜா போனபோது நான் ஷெட்டில் இருந்தேன். கடைசி வரை அவளுக்கு நான் ஒயர் வேலை செய்கிறவன். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்த அன்று ஒரு விமானம் தயாராக இருந்தது, நடந்தேன். பாறையில் நின்று அவளைப் பற்றிச் சொன்னேன். ஒரு நிமிடம் போதவில்லை. போன் அடித்து நின்ற பிறகும் பட்டனை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது, "புள்ளி ரொம்ப நேரம் நின்னுச்சிண்ணா, சிக்னல் சூப்பர்" என்றார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மாலை, சால்வை எல்லாம் மத்தியானம் என்றார்கள். காலையில் இரண்டாம் எண்ணில் ஓர் ஒயரை நான்தான் மாற்றியிருந்தேன். செட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். கொல்லையில் அறுவடை முடிந்து தரை வெறுமையாக இருந்தது. பாறையில் நின்று பட்டனை அழுத்தினேன். அன்று பேச என்னிடம் ஒன்றுமில்லை. சொல்லவேண்டியவர்கள் ஒருவரும் இல்லாதபோது என்ன பேசுவது? பட்டனை அழுத்தியபடியே நின்றேன், வாய் திறக்காமல். பேசாவிட்டாலும் அலை போகும், அது உங்களுக்கே தெரியும்.

அன்றைக்குத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தது உங்களில் யாரோ ஒருவர். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

போன் ஒரு தடவை அடித்து நின்றது.